வெளிநாட்டில் வீல்சேர்: இங்கிருந்தே தூக்கிப் போறதா, அங்க போய் வாடகைக்கு எடுக்கிறதா?

பாலக்கோட்டான்
எல்லாருக்கும் வணக்கம். அம்மாவுக்கு 72 வயசு, ரெண்டு முழங்காலும் தேய்மானம். வீட்டுக்குள்ள வாக்கர் பிடிச்சு நடப்பாங்க. தெருமுனை வரைக்கும் முடியாது, படி ஏறவே முடியாது. பெங்களூரு–லண்டன் நேர் விமானம். தங்கச்சி வீட்டுல 3 வாரம், நடுவுல 4 நாள் ஜெர்மனி. வீட்டுல இரும்பு மடக்கு வீல்சேர் ஒண்ணு இருக்கு, 18 கிலோ. அதையே கொண்டு போறதா, அங்க வாடகைக்கு எடுக்கிறதா? ஏர்போர்ட்ல குடுக்கிற வீல்சேரையே சில நாள் வெச்சுக்க முடியுமா? எங்கெங்க சிக்கல் வரும்னு தெரிஞ்சவங்க சொல்லுங்க.

ஓசூர் டிக்கெட்காரர்
கடைசிக் கேள்விக்கு முதல்ல பதில்: முடியாது. டிக்கெட்டில் வீல்சேர் கேட்டால் கிடைப்பது விமான நிலையத்து நாற்காலியும் தள்ளுவதற்கு ஒரு ஆளும். இறங்கும் ஊரில் டாக்சி ஏறும் இடத்தோடு அந்த உதவி முடிகிறது. நாற்காலி கட்டடத்தை விட்டு வெளியே வராது. வீட்டிலும் வெளியிலும் உட்கார நாற்காலி வேண்டுமானால் அது தனி ஏற்பாடு. நம்ம பக்கம் பாதிப் பேர் இதைத் தெரியாமலேயே விமானம் ஏறுகிறார்கள்.

டிக்கெட்டில் எந்தக் குறியீடு விழுகிறது என்று கட்டாயம் பாருங்க. மூன்று இருக்கிறது.

டபிள்யூ.சி.எச்.ஆர்.: தூரம் நடக்க முடியாது, ஆனால் விமானப் படிக்கட்டு ஏறி இறங்குவார், சீட் வரை தானே நடப்பார்.
டபிள்யூ.சி.எச்.எஸ்.: படி ஏற முடியாது, ஆனால் விமானத்துக்குள் சீட் வரை நடப்பார்.
டபிள்யூ.சி.எச்.சி.: நடக்கவே முடியாது, சீட் வரை ஒடுக்கமான நாற்காலியில் கொண்டுபோய் உட்கார வைக்க வேண்டும்.

உங்க அம்மாவுக்கு இரண்டாவது. ஆப்பில் பதிவு செய்தாலும் அவசரத்தில் ஏஜென்ட் போட்டாலும் பெரும்பாலும் விழுவது முதல் குறியீடு. ஏரோபிரிட்ஜ் (முனையத்திலிருந்து நேரே விமானக் கதவுக்குப் போகும் நடைபாலம்) கிடைத்த நாளில் வித்தியாசம் தெரியாது. விமானத்தைத் தள்ளி நிறுத்தி பஸ்ஸில் கொண்டுபோகும் நாளில்தான் தெரியும். இரண்டாவது குறியீடு இருந்தால் ஆம்புலிஃப்ட் வண்டி, அதாவது நாற்காலியோடு விமானக் கதவு உயரத்துக்குத் தூக்கும் வண்டி, வரும். முதல் குறியீடு இருந்தால் ஏணிப்படி அடியில் நாற்காலி நின்றுவிடும், "ஏறுங்கம்மா" என்பார்கள்.

புறப்பட 48 மணி நேரத்துக்கு முன்பே சொல்லிவிட வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 1107/2006 என்கிற ஒழுங்குமுறை இந்த உதவியைக் கட்டணமில்லாமல் தரச் சொல்கிறது, பிரிட்டனும் அதைத் தன் சட்டத்தில் வைத்திருக்கிறது. தள்ளுபவருக்குப் பணம் தருவது உங்க இஷ்டம், கேட்டால் தர வேண்டிய கட்டாயம் இல்லை.

நல்லா நடக்கிறவர்கள் வரிசையைத் தாண்டிப் போக இந்தக் குறியீட்டைப் போட்டுக்கொள்வதால் பெங்களூருவில் உண்மையில் தேவைப்படுகிறவர் காத்திருக்க வேண்டிவருகிறது. சர்வதேச விமானங்கள் இரண்டாம் முனையத்தில். 4 மணி நேரம் முன்னாடியே போயிடுங்க.

கே.ஜி. சர்ஜிக்கல்ஸ்
கிருஷ்ணகிரியில சர்ஜிக்கல் கடை நமக்கு. வாடகைக்கு எடுக்கிறவங்க பண்ற முதல் தப்பு, அளவு சொல்லாம "ஒரு வீல்சேர்" னு மட்டும் கேட்கிறது. அளவு எடுக்கிற விதம் சொல்றேன்.

அம்மாவைக் கெட்டியான நாற்காலியில நேரா உட்கார வைங்க. இடுப்பின் ரெண்டு பக்கமும் ஒவ்வொரு தடிமனான புத்தகத்தை ஒட்டி நிக்க வெச்சு, நடுவுல இருக்கிற தூரத்தை டேப் வெச்சு அளங்க. அதோட 1 இன்ச் சேர்த்தா சீட் அகலம். குளிர் நாட்டுக்குப் போறதா இருந்தா கோட்டுக்கு இன்னொரு இன்ச். 15.5 வந்தா 17.5, அதாவது 18 இன்ச் நாற்காலி. ஐரோப்பாவுல செ.மீ.ல கேப்பாங்க: 16 இன்ச் சுமார் 41, 17 இன்ச் 43, 18 இன்ச் 46.

அடுத்து, முதுகில இருந்து முழங்கால் மடிப்பு வரைக்கும் அளந்து 2 இன்ச் கழிங்க, அது சீட் ஆழம். ஆழம் கூடிப்போனா மடிப்புல சீட் விளிம்பு அழுத்தும், அம்மா முன்னாடி சறுக்கிச் சறுக்கி வந்து கூனி உட்காருவாங்க. மூணாவது, முழங்கால் மடிப்புல இருந்து செருப்போட குதிகால் வரைக்கும். ஃபுட்ரெஸ்ட் தரையில இருந்து 2 இன்ச்சாவது மேல நிக்கணும். உடல் எடையும் சொல்லணும், சாதாரண நாற்காலிக்கு 100 கிலோ பக்கம்தான் தாங்கும் அளவு.

நாற்காலி ரெண்டு வகை. பின்சக்கரம் 24 இன்ச் இருக்கிறது, உட்கார்ந்தவரே கையால உருட்டிக்கலாம். நாலும் சின்னச் சக்கரமா இருக்கிறது டிரான்ஸ்போர்ட் சேர், பின்னாடி ஒருத்தர் தள்ளியே ஆகணும். 18 இன்ச் சீட் உள்ள பெரிய சக்கர நாற்காலியோட மொத்த அகலம் 25, 26 இன்ச் வந்துடும். டிரான்ஸ்போர்ட் சேர் 22 இன்ச் பக்கம். பழைய வீட்டு பாத்ரூம் கதவு 60 செ.மீ.தான்னா பெரியது உள்ள போகவே போகாது. அப்ப "சின்னதே எடுத்துடலாம்" னு தோணும். ஆனா கல்லு பதிச்ச தெருவுல சின்னச் சக்கரம் ஒவ்வொரு இடுக்கிலும் மாட்டும். தங்கச்சியை வீட்டுக் கதவு ஒவ்வொண்ணும் எவ்வளவு திறக்குதுன்னு அளந்து அனுப்பச் சொல்லுங்க. சட்டத்துக்குச் சட்டம் அளக்கக்கூடாது. கதவைத் திறந்து நிறுத்தி, கதவுப் பலகையில இருந்து எதிர்ச் சட்டம் வரைக்கும் அளக்கணும்.

பென்னாகரத்தான் (லண்டன்)
இங்க உள்ள வழிகள்.

பிரிட்டிஷ் ரெட் கிராஸ் நெடுங்காலமா குறுகிய காலத்துக்கு வீல்சேர் தந்துட்டு இருந்துச்சு, இப்பவும் தர்றாங்களான்னு பார்த்துக்கோங்க. எல்லா ஊர்லயும் இல்ல, தங்கச்சி வீட்டு அஞ்சல் குறியீட்டைப் போட்டு அவங்க இணையத்தளத்துல தேடணும். தனியார் மொபிலிட்டி கடைகள் (நடமாட உதவுற கருவி விக்கிற கடைகள்) வார வாடகைக்குக் குடுக்கும், வீட்டுக்கே கொண்டுவந்து தரும். நாள் கணக்குல எடுக்கிறதைவிட வாரக் கணக்குல எடுத்தா ரேட் நல்லாவே குறையும். 3 வாரம்னு முதல்லயே சொல்லிப் பேசுங்க, வாரா வாரம் நீட்டிக்காதீங்க.

ஷாப்மொபிலிட்டி னு பல ஊர்ல ஒரு ஏற்பாடு இருக்கு. கடைத்தெருவுல சுத்த வீல்சேரோ ஸ்கூட்டரோ தருவாங்க. அடையாள அட்டை, முகவரிச் சான்று கேப்பாங்க, சில இடத்துல உறுப்பினர் பதிவு வேணும். பெரும்பாலும் கடை மூடுறதுக்குள்ள திருப்பிக் குடுக்கணும். அதை நம்பி 3 வாரம் ஓட்ட முடியாது, ஒரு நாள் ஷாப்பிங்குக்கு ஆகும்.

பிரிட்டிஷ் மியூசியம் மாதிரி பெரிய அருங்காட்சியகங்கள்ல உள்ளேயே சுத்த இலவசமா தருவாங்க. முதல்ல வந்தவருக்கு முதல்ல. வாசல்ல இருந்து அந்த மேசை வரைக்கும் எப்படிப் போறதுங்கிறதுதான் கேள்வி.

போக்குவரத்து: லண்டன் பஸ் எல்லாத்துலயும் சாய்தளம் உண்டு, வீல்சேரில் இருக்கிறவருக்கு டிக்கெட் இல்ல. இடம் ஒண்ணே ஒண்ணுதான், 70 செ.மீ. அகலம், 120 செ.மீ. நீளத்துக்குள்ள நாற்காலி அடங்கணும். பிளாக் கேப் டாக்சி எல்லாத்துலயும் சாய்தளம் இருக்கு. ஆப்ல கூப்பிடற சாதாரண கார்ல இருக்காது. சுரங்க ரயில் வரைபடத்துல நீல வட்டத்துக்குள்ள வீல்சேர் போட்டிருந்தா தெருவுல இருந்து ரயில் பெட்டி வரைக்கும் படியே இல்ல. வெள்ளை வட்டம்னா பிளாட்ஃபார்ம் வரைக்கும்தான், பெட்டிக்கும் பிளாட்ஃபார்முக்கும் நடுவுல மேடு பள்ளம் இருக்கும். ஹீத்ரூ விமான நிலையத்துல இருந்து எலிசபெத் லைன் ரயில் பிடிங்க, அதோட எல்லா ஸ்டேஷன்லயும் பிளாட்ஃபார்ம் வரைக்கும் படி கிடையாது.

பாலக்கோட்டான்
ரொம்ப நன்றி அண்ணா. ஒரு சந்தேகம்: கையில இருக்கிற 18 கிலோ நாற்காலியை விமானத்துல போட்டா தனிக் காசு கேப்பாங்களா? வாடகை மிச்சம்தானே?

ஓசூர் டிக்கெட்காரர்
காசு கேட்கமாட்டார்கள். பயணிக்குத் தேவையான வீல்சேர் லக்கேஜ் கணக்கில் சேராது. கேள்வி, அது முழுசாகப் போய்ச் சேருமா என்பதுதான்.

கொண்டுபோனால் இப்படிச் செய்யுங்க. செக்-இன் கவுன்டரிலேயே பெல்ட்டில் போட்டுவிடாமல் விமான வாசல் வரை அதிலேயே போக விரும்புவதாகச் சொல்லுங்க. இரண்டு டேக் போடச் சொல்லுங்க, "விமான வாசலில் திருப்பித் தரவும்" என்று அதில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் லண்டனில் பெல்ட்டில் வரும், அதுவரை நிலையத்து நாற்காலிதான். வாசலில் கொடுக்கும்போது சீட் குஷன், கழற்ற வருகிற ஃபுட்ரெஸ்ட், கைப்பிடிப் பக்கத் தகடு எல்லாவற்றையும் கழற்றி ஒரு துணிப்பையில் போட்டு உள்ளே எடுத்துப் போங்க. சரக்கறையில் முதலில் வளைவதும் தொலைவதும் இவைதான். மடக்கிய நாற்காலி விரியாமல் இருக்க ஒரு நைலான் பெல்ட் போதும். நான்கு பக்கமும் போட்டோ எடுத்து வைங்க, டேக் தெரிகிற மாதிரி ஒன்று.

இறங்கியதும் உடைந்திருந்தால் விமான நிலையத்தை விட்டு வெளியே வருவதற்கு முன் லக்கேஜ் கவுன்டரில் சேத அறிக்கை எழுதி எண் வாங்குங்க. எழுத்துப்பூர்வப் புகாருக்கு 7 நாள்தான் கெடு. விமான நிறுவன இழப்பீட்டுக்கான சர்வதேச ஒப்பந்தமான மாண்ட்ரியல் உடன்படிக்கை வீல்சேரையும் சாதாரணப் பெட்டி மாதிரிதான் பார்க்கிறது. இழப்பீட்டு உச்சவரம்பு 2024 டிசம்பர் 28 முதல் 1,519 எஸ்.டி.ஆர். (ஐ.எம்.எஃப். வைத்திருக்கும் கணக்கு அலகு), சுமார் 2,000 அமெரிக்க டாலர். ஆறேழாயிரம் ரூபாய் இரும்பு நாற்காலிக்கு இந்த வரம்பு பிரச்சினை இல்லை. லட்சக்கணக்கில் செலவு செய்து உடம்புக்கு அளவெடுத்த நாற்காலி என்றால் செக்-இன் போதே அதன் மதிப்பைத் தனியாக அறிவித்துக் கூடுதல் கட்டணம் கட்டலாம்.

உங்க நிலைமைக்கு என் கருத்து: கொண்டுபோகாதீங்க. ஜெர்மனி போக வர இன்னும் இரண்டு விமானம் இருக்கிறது, ஒவ்வொன்றிலும் ஏற்றி இறக்கி அந்த 18 கிலோவைக் கட்டிக்கொண்டு அலைய வேண்டும். அம்மா அதிலேயே நாள் முழுக்க வாழ்கிறவர் இல்லை. முதுகு, இடுப்புக்கென்று அளவெடுத்த நாற்காலியில் தினம் 10 மணி நேரம் உட்காருகிறவருக்கு நான் நேர்மாறாகச் சொல்வேன்: தன் நாற்காலியை விட்டுப் போகவே கூடாது.

காரிமங்கலம் டிராவல்ஸ்
ஏர்போர்ட்டுக்குப் போற வண்டியைப் பத்தி யாரும் பேசல. வாடகைக் கார்ல பாதி சி.என்.ஜி. டிக்கியைத் திறந்தா சிலிண்டர் படுத்திருக்கும், மிச்ச இடத்துல ஒரு பெட்டி வைக்கலாம். மடக்கின வீல்சேர் 1 அடி கனம், 3 அடி உயரம். அது உள்ள போகாது. புக் பண்றப்பவே "பெட்ரோல் வண்டி, இல்லன்னா கேரியர் வெச்ச வண்டி" னு சொல்லிடுங்க. எர்டிகா, இன்னோவான்னா கடைசி சீட்டை மடிச்சா நிம்மதி. இன்னோவா உயரம், முட்டி முடியாதவங்களுக்கு ஏறுறது கஷ்டம், ஒரு கெட்டியான மணை எடுத்துக்கோங்க.

தர்மபுரியில இருந்து 170 கி.மீ. பக்கம் வரும். பெங்களூர் ஊருக்குள்ள புகுந்தா சில்க் போர்டு, ஹெப்பால் ரெண்டு ஜங்ஷன் நெரிசலும் உயிரை வாங்கும். அத்திப்பள்ளியில வலது திரும்பி சர்ஜாபூர், ஹொஸ்கோட்டை, தேவனஹள்ளி வழியா போகலாம். ரோடு சில இடத்துல சுமார்தான், ஆனா சிக்னல் கம்மி. டாய்லெட்டுக்குக் கிருஷ்ணகிரி–ஓசூர் நடுவுலயே நிறுத்திடுங்க, படி இல்லாத இடமா முன்னாடியே பார்த்து வெச்சுக்கிட்டு.

மாங்கனி நகர்
குறுக்கே வர்றதுக்கு மன்னிக்கணும். அப்பாவுக்குப் பேட்டரி வீல்சேர், மடக்கிறது. லித்தியம், 24 வோல்ட் 20 ஆம்பியர்-ஹவர். சிங்கப்பூர் போகணும். விடுவாங்களா?

ஓசூர் டிக்கெட்காரர்
வோல்ட்டை ஆம்பியர்-ஹவரால் பெருக்குங்க: 24 × 20 = 480 வாட்-ஹவர். கழற்றக்கூடிய லித்தியம் பேட்டரிக்கு உச்சம் 300. ஒரே நாற்காலியில் இரண்டு பேட்டரி இருந்தால் ஒவ்வொன்றும் 160-க்குள் இருக்க வேண்டும். கழற்றிய பேட்டரி சரக்கறைக்குப் போகக்கூடாது, கையோடு கேபினில்தான் வர வேண்டும், முனைகளை டேப் ஒட்டி மூடித் தனிப் பையில். 24 வோல்ட் 12 ஆம்பியர்-ஹவர் என்றால் 288, அது போகும். உங்களுடைய 480 போகாது. அதே கம்பெனியில் 12 ஆம்பியர்-ஹவரில் பேட்டரி தருகிறார்களா கேளுங்க.

பேட்டரியைக் கழற்றவே முடியாத, நாற்காலியிலேயே பாதுகாப்பாகப் பூட்டிய அமைப்பு என்றால் இந்த 300 வரம்பு பொருந்தாது. சிந்தாத வகை ஜெல் பேட்டரிக்கும் வேறு விதி. எதுவானாலும் விமான நிறுவனத்தின் ஒப்புதல் முன்கூட்டி மெயிலில் வேண்டும், போனில் "ஓகே சார்" என்றது செல்லாது.

அதிகம் மாட்டுவது இங்கேதான்: மலிவு நாற்காலிகளின் பேட்டரி மேல் வாட்-ஹவர் அச்சடித்திருக்காது. பாதுகாப்புச் சோதனையில் அதைப் பார்க்க முடியாவிட்டால் இறக்கிவிடுவார்கள். தயாரிப்பாளரின் விவரத்தாளை அச்செடுத்துக் கையில் வைங்க.

சிங்கப்பூருக்கு இன்னொரு யோசனை: அங்கே எம்.ஆர்.டி. (மெட்ரோ ரயில்) நிலையங்களில் லிஃப்ட் உண்டு, பஸ்களில் சாய்தளம் உண்டு, நடைபாதை வழவழப்பு. கை வீல்சேரே போதும், அப்பாவுக்குத் தள்ள ஆள் இருந்தால் பேட்டரி வண்டியை வீட்டில் விட்டுவிட்டு அங்கே வாடகைக்கு எடுக்கலாம். பெரிய மால்களில் தகவல் மேசையில் சில மணி நேரத்துக்குத் தருவார்கள், மாலுக்குள் மட்டும்.

தர்மபுரி பிசியோ
வாடகை நாற்காலி எடுப்பவர்கள் இங்கிருந்து கட்டாயம் கொண்டுபோக வேண்டியது ஒன்றே ஒன்று: குஷன். வாடகை நாற்காலியின் சீட் வெறும் ரெக்சின் துணி. பலர் உட்கார்ந்து நடுவில் தொட்டில் போலத் தொங்கியிருக்கும். அதில் 3 மணி நேரம் உட்கார்ந்தால் இடுப்பெலும்பு இரண்டும் உள்பக்கம் சரியும், வால் எலும்பில் அழுத்தம் விழும். சர்க்கரை உள்ளவர்களுக்கும் உணர்ச்சி குறைந்தவர்களுக்கும் புண் வர இது போதும். 2 இன்ச்சுக்குக் குறையாத அடர்த்தியான ஃபோம் குஷன், அடியில் மெல்லிய பலகை. எடை குறைவு, பெட்டியில் வைக்கலாம்.

காற்றுக் குஷன் பயன்படுத்துபவர்கள் கவனியுங்கள். பறக்கும்போது கேபின் அழுத்தம் 6,000 முதல் 8,000 அடி உயர மலையில் இருப்பது மாதிரி குறையும். உள்ளே இருக்கும் காற்று விரிந்து குஷன் கல்லாகிவிடும். மேலே போனதும் வால்வைத் திறந்து கொஞ்சம் விட வேண்டும். இறங்கியதும் அதே அளவு மறுபடி அடிக்க வேண்டும், இதைத்தான் மறப்பார்கள். காற்று குறைந்த குஷனில் எலும்பு நேரே பலகையில் இடிக்கும். கைப்பம்பை பெட்டியில் போட்டு அனுப்பாமல் கையில் வையுங்கள். உட்கார்ந்த பிறகு எலும்புக்கு அடியில் கையை நுழைத்துப் பார்த்தால் அடிப்பலகைக்கு மேல் ஒரு விரல் கனமாவது இடைவெளி இருக்க வேண்டும்.

அரை மணிக்கு ஒருமுறை முன்பக்கம் குனிந்தோ ஒரு பக்கம் சாய்ந்தோ எடையை மாற்றச் சொல்லுங்கள்.

தள்ளுபவருக்கு: நடைபாதை விளிம்பில் ஏறும்போது பின்னால் இருக்கும் மிதியை ஒரு காலால் அழுத்தி முன்சக்கரத்தைத் தூக்கி மேலே வைத்து, பிறகு தள்ளுங்கள். இறங்கும்போது நாற்காலியைத் திருப்பிப் பின்சக்கரம் முதலில் இறங்கட்டும். முகம் முன்னோக்கி இறக்கினால் உட்கார்ந்தவர் கவிழ்ந்து விழுவார். செங்குத்தான சரிவிலும் அப்படியே. டிராம் தண்டவாளத்தைச் செங்குத்தாகக் கடக்க வேண்டும், சாய்வாகப் போனால் முன்சக்கரம் இடுக்கில் திரும்பி நின்றுவிடும். லிஃப்ட்டுக்குள் பின்பக்கமாக நுழைவது நல்லது.

புடவை கட்டுபவர்கள் முந்தானையை இழுத்து மடியில் செருகி, கொசுவத்தை முழங்காலுக்கு அடியில் ஒதுக்கி உட்கார வேண்டும். பக்கத்தகடு இல்லாத வாடகை நாற்காலியில் முந்தானை நுனி ஆரக்காலில் சுற்றிக்கொண்டால் ஒரே சுற்றில் தோள் வரை இழுத்துவிடும். "சைட் கார்டு உள்ளதா" என்று முன்பே கேளுங்கள்.

டெக்சாஸ் காவேரிப்பட்டணம்
அமெரிக்கா வர்றவங்களுக்கு வேற கணக்கு. மருத்துவக் கருவிக் கடைகள் வாரத்துக்கும் மாசத்துக்கும் வாடகைக்குத் தரும், கைக்காசு குடுத்து எடுக்கிறதுக்குப் பொதுவா டாக்டர் சீட்டு தேவைப்படாது. பல ஊர்ல சர்ச், முதியோர் மையம், லயன்ஸ் கிளப் வெச்சிருக்கிற இரவல் கிடங்கு இருக்கு, பழைய வீல்சேரை இலவசமாவோ சின்ன டெபாசிட்டுக்கோ குடுப்பாங்க. அந்த ஊர் ஆளுக்குத்தான்னு சில இடத்துல சொல்வாங்க, மகனோ மகளோ தன் முகவரியில எடுத்தா சரியாயிடும்.

ஆனா 3 வாரத்துக்கு மேல தங்கறதா இருந்தா வாடகையை விட வாங்கிடறது மலிவு. புது டிரான்ஸ்போர்ட் சேர் 100 முதல் 200 டாலருக்குள்ள வந்துடும். ஊருக்குத் திரும்பும்போது அதே இரவல் கிடங்குக்குக் குடுத்துட்டு வந்துடலாம். தீம் பார்க்குல வாடகைக்குக் கிடைக்கிறது பார்க் கேட்டைத் தாண்டாது.

பென்னாகரத்தான் (லண்டன்)
வாங்கற யோசனையை நான் அவ்வளவா ஏத்துக்க மாட்டேன். 100 டாலர் நாற்காலியோட முன்சக்கரம் அங்கத்த அகலமான சிமென்ட் நடைபாதைக்குச் சரி. இங்க பழைய தெருவுல ரெண்டாவது வாரமே தள்ளாட ஆரம்பிச்சுடும், ரிப்பேர் உங்க தலையில. வாடகைன்னா ஒரு போன்ல மாத்தி நாற்காலி வரும்.

டெக்சாஸ் காவேரிப்பட்டணம்
அது சரி, தெரு எப்படிங்கிறதைப் பொறுத்துதான். மழை, கல்லு பதிச்ச ரோடு ரெண்டும் இருந்தா பெரிய சக்கரம் எடுங்க.

பர்கூர் பாய்
உம்ரா போறவங்களுக்கு: மக்காவில் மஸ்ஜிதுல் ஹராம் (ஹரம்) பள்ளிவாசலில் இலவச வீல்சேர் உண்டு, வீட்டு ஆள் தள்ளிக்கலாம். கூலிக்குத் தள்ளுறவங்களும் உண்டு, சீருடையோட அங்கீகார அட்டை இருக்கிறவங்களையே பிடிங்க, கூலியை முன்னாடியே பேசிடுங்க. தவாஃபுக்கு (கஅபாவைச் சுத்தி வர்றது) மேல் தளத்துல காசு கட்டி மின்வண்டியும் எடுக்கலாம். ஸஈ (ஸஃபா, மர்வா குன்றுகளுக்கு நடுவுல போய் வர்றது) ஓடுற இடத்துல நடுவுல வீல்சேருக்குத் தனிப் பாதை இருக்கு. இது எல்லாம் ஹரமுக்குள்ள. ஓட்டல்ல இருந்து ஹரம் வரைக்கும் என்ன பண்றதுன்னு குரூப் ஆளைக் கேட்டு வைங்க. "பக்கம்தான்" னு சொல்ற ஓட்டல் சில சமயம் மேட்டுல இருக்கும்.

ஊத்தங்கரை அக்கா
மலேசியா போறவங்க பத்துமலையைப் பட்டியல்ல வெச்சிருப்பீங்க. குகைக்கோயிலுக்கு 272 படி, வீல்சேர் ஏறாது. அடிவாரத்துல முருகன் சிலையையும் கீழ இருக்கிற சன்னதிகளையும் பார்க்கலாம். மேல போற ஆளுங்க ஒரு மணி நேரம் எடுப்பாங்க, கூட ஒருத்தரை நிழல்ல விட்டுட்டுப் போங்க. குரங்குத் தொல்லை வேற.

நெறியாளர்
ஏஜென்சி போன் எண் போட்ட இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறேன். வாடகைக் கடை சிபாரிசு தனிச் செய்தியில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஓசூர் யூரோ
ஜெர்மனி நாலு நாளுக்கு: அங்க "சானிடேட்ஸ்ஹவுஸ்" னு போட்ட கடைதான் நம்ம சர்ஜிக்கல்ஸ். பெரும்பாலான ஊர்ல ஒண்ணு இருக்கும், நாள் வாடகைக்கு வீல்சேர் தரும். ஞாயித்துக்கிழமை மூடியிருக்கும், சனிக்கிழமை மத்தியானத்துக்கு மேல பல கடை இருக்காது. சனி மாலை இறங்கறவங்க திங்கள் வரைக்கும் கையைப் பிசையணும். ரயில்ல ஏற லிஃப்ட் மேடை வேணும்னா டாய்ச பான் (ஜெர்மன் ரயில்வே) உதவி மையத்துல முந்தின நாளே பதிவு பண்ணணும், அப்படியே பிளாட்ஃபார்முக்குப் போய்க் கேட்டா ஆள் வரும்னு நிச்சயமில்ல. ஃபிரான்ஸ் போனா மருந்துக்கடையிலேயே வாடகைக்குக் கிடைக்கும்.

லண்டன்ல எடுத்த வாடகை நாற்காலியை ஜெர்மனிக்குக் கொண்டு போகலாமான்னு கடைக்காரங்க கிட்ட எழுத்துல கேளுங்க. பல ஒப்பந்தத்துல நாட்டை விட்டு வெளிய எடுக்கக் கூடாதுன்னு இருக்கும், மீறி எடுத்து உடைஞ்சா முழு விலையும் பிடிச்சுக்குவாங்க.

கே.ஜி. சர்ஜிக்கல்ஸ்
வாடகை நாற்காலி கைக்கு வந்ததும் கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி பார்க்க வேண்டியது:

பிரேக் ரெண்டையும் போட்டுட்டு, ஆளை உட்கார வெச்சுத் தள்ளிப் பாருங்க. சக்கரம் அசையவே கூடாது. காற்று டயரா இருந்தா கட்டை விரல்ல அழுத்தினா அமுங்கக் கூடாது, காற்று கம்மியானா பிரேக் கட்டை டயரைத் தொடாது, பிரேக் பிடிக்காததுக்குப் பாதி காரணம் இதுதான். பஞ்சர் ஆகாத கெட்டி டயர் இருந்தா அதையே கேளுங்க. ஆளில்லாம தள்ளி விட்டா நேரா ஓடணும், முன்சக்கரம் படபடன்னு ஆடினா போல்ட் தளர்ந்திருக்கு. ஃபுட்ரெஸ்ட் ரெண்டும் ஒரே உயரமா, கிளிக்னு பூட்டுதா. இடுப்புப் பெல்ட் இருக்கா. ஏற்கனவே இருக்கிற கீறல், கிழிசல் எல்லாத்தையும் போட்டோ எடுத்து அவங்க முன்னாடியே அனுப்பிடுங்க.

விரிக்கிற விதம்: சீட்டோட ரெண்டு பக்கக் குழாய் மேலயும் உள்ளங்கையை விரிச்சு வெச்சுக் கீழ அமுக்குங்க, விரல் உள்பக்கம் நீட்டியிருக்கணும். குழாயைச் சுத்திப் பிடிச்சு அமுக்கினா ஃப்ரேமுக்கும் குழாய்க்கும் நடுவுல விரல் நசுங்கும். மடக்கணும்னா ஃபுட்ரெஸ்ட் பலகையை மேல தூக்கிட்டு, சீட் துணியை முன்னும் பின்னும் நடுவுல பிடிச்சு மேல இழுத்தா போதும்.

போறதுக்கு முன்னாடி இங்கயே ஒரு வாரம் 18 இன்ச் நாற்காலியை உள்ளூர்ல வாடகைக்கு எடுத்து, அம்மாவைக் கார் சீட்டுக்கு மாத்திப் பழகுங்க. வீட்டுல இருக்கிறது என்ன அளவுன்னு தெரியாம அதையே "சரியா இருக்கு" னு நினைக்க வேண்டாம்.

ஓசூர் டிக்கெட்காரர்
பணம் கட்டும் விஷயம் ஒன்று. வெளிநாட்டு வாடகைக் கடை டெபாசிட்டுக்கு கிரெடிட் கார்டில் தொகையைப் பிடித்து வைக்கும். நம்ம வங்கி கார்டுகளில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை ஆரம்பத்தில் மூடியே இருக்கும், 2020 அக்டோபரிலிருந்து ரிசர்வ் வங்கி விதி அப்படி. புறப்படும் முன் ஆப்பில் திறந்து வரம்பையும் உயர்த்துங்க. ப்ரீபெய்ட் ஃபாரெக்ஸ் கார்டை டெபாசிட்டுக்குப் பல இடத்தில் ஏற்கமாட்டார்கள். தங்கச்சியின் உள்ளூர்க் கார்டில் கட்டுவதே சுலபம்.

நம்ம யு.டி.ஐ.டி. அட்டையை (மாற்றுத்திறனாளி அடையாள அட்டை) எடுத்துப் போங்க, சில இடத்தில் சலுகை நுழைவுச்சீட்டுக்கு ஆதாரமாக ஏற்பார்கள். ஆனால் அதை வைத்து அங்கே வீல்சேரோ வண்டி நிறுத்தச் சலுகையோ கேட்க முடியாது. நிலைமையை விளக்கும் டாக்டர் கடிதம் ஆங்கிலத்தில் ஒன்று வைத்துக்கொள்ளுங்க.

பாலக்கோட்டான்
எல்லாருக்கும் நன்றி. நாற்காலியை இங்க விட்டுட்டு குஷன் மட்டும் எடுத்துப் போறோம். தங்கச்சி பக்கத்துக் கடைக்கு மெயில் போடறா. ஆங்கிலத்துல எழுதினதோட சாரம் இது, பார்த்துச் சொல்லுங்க:

"3 வாரத்துக்கு மடக்கு வீல்சேர் ஒன்று, பின்சக்கரம் 24 இன்ச். சீட் அகலம் 46 செ.மீ., உடல் எடை 68 கிலோ. சைட் கார்டு, இடுப்புப் பெல்ட், கெட்டி டயர் வேண்டும். விமானம் வரும் நாள் காலை வீட்டில் தர வேண்டும். வார வாடகை, டெபாசிட், உடைந்தால் மாற்றித் தரும் நேரம் எவ்வளவு? நடுவில் 4 நாள் ஜெர்மனிக்கு எடுத்துப் போகலாமா?"

கே.ஜி. சர்ஜிக்கல்ஸ்
நல்லா இருக்கு. ரெண்டு விட்டுப் போச்சு: சீட் ஆழம் எழுதல, நாற்காலியோட மொத்த அகலத்தைக் கேட்கல. பாத்ரூம் கதவு எவ்வளவு?

பாலக்கோட்டான்
கதவுப் பலகையில இருந்து அளந்தா 63 செ.மீ.

கே.ஜி. சர்ஜிக்கல்ஸ்
அப்ப 46 செ.மீ. சீட்டோட பெரிய சக்கரம் உள்ள போகாது, மொத்தம் 64, 65 வந்துடும். அம்மா வீட்டுக்குள்ள வாக்கர்ல நடக்கிறாங்கன்னா பிரச்சினை இல்ல, பாத்ரூம் வாசல்ல நிறுத்தி வாக்கர்ல உள்ள போகட்டும். வாக்கரை மறக்காம எடுத்துப் போங்க. மடக்குனா பட்டையா ஆயிடும், அதுக்கும் லக்கேஜ் கணக்கு இல்ல.

பென்னாகரத்தான் (லண்டன்)
நாற்காலியை விமானம் வர்ற நாள் காலையில கேட்காதீங்க, முந்தின நாளே வரட்டும். அளவு தப்பா வந்தா மாத்தறதுக்கு ஒரு நாள் கையில இருக்கும்.

ஓசூர் டிக்கெட்காரர்
டிக்கெட்டில் எந்தக் குறியீடு என்று பார்த்தீங்களா?

பாலக்கோட்டான்
இப்பத்தான் பார்த்தேன் சார். "ஆர்" னு இருக்கு.

ஓசூர் டிக்கெட்காரர்
விமான நிறுவனத்தின் கஸ்டமர் கேருக்குப் போன் செய்து "எஸ்" ஆக மாற்றச் சொல்லுங்க. போக, வர, ஜெர்மனி இரண்டு, நான்கு டிக்கெட்டிலும் தனித்தனியாக மாற்ற வேண்டும். ஒன்றில் மாற்றினால் மற்றதில் தானாக மாறாது. மாற்றியதும் திருத்திய டிக்கெட்டை மெயிலில் வாங்கி அச்செடுத்து வைங்க.